சூரியக் காற்றும் பாவூர்சத்திரத்துச் சந்தும்

1

அரிசிப் பானைக்குள் போட்டு மூடிய கைபேசிகளை வெளியே எடுத்துவிடலாம். ஒன்றும் ஆகாது. தென்காசிப் பக்கம் எத்தனை வீடுகளில் இது நடந்ததோ எனக்குத் தெரியாது. ஒரு வீட்டில் நடந்தது மட்டும் தெரியும். அது இசக்கி அண்ணாச்சியின் வீடு. அவர் பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் லோடுமேன்களுக்குத் தலைவர். நாடு விட்டு வருவதற்கு முன் நான் அவருக்குக் கீழே மூடை சுமந்தவன்.

இப்போது நான் இருப்பது நார்வேயின் வடகோடியில் ஒரு சின்னக் கடலோர ஊர். காலையில் வேலைக்குப் போகப் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"ஏலே மாடா, உசுரோட இருக்கியாலே?"

"இருக்கேன் அண்ணாச்சி. என்ன விசயம்?"

"அங்கன வானம் பச்சையா பத்தி எரியுதாம்லா? குரூப்ல படம் போட்டுருக்கான். சூரியப் புயல் வருதாம். போனெல்லாம் வெடிச்சிருமாம். உங்க மதினி வீட்ல உள்ள போன் பூராத்தையும் அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடிட்டா."

"அப்ப இப்ப எதுல பேசுதிய?"

"இது டீக்கடைக்காரன் போனு. வெடிச்சா அவன் பாடு."

எனக்குச் சிரிப்பு வந்தது. வானத்தில் தெரிவது வெறும் வெளிச்சம் என்றும், குளிர்காலத்தில் எங்களுக்கு அது அடிக்கடி தெரியும் என்றும், அதனால் யாருடைய போனும் வெடித்ததில்லை என்றும் சொன்னேன். அண்ணாச்சி விடவில்லை.

"சரி, வெளிச்சம். அது எங்கிருந்துலே வருது?"

"சூரியன்லேருந்து ஒரு காத்து வருது அண்ணாச்சி. அதுக்கு மேல எனக்கு வெளங்கல."

"நீ அத ஆராய்ச்சி பண்ணுத எடத்துலதான வேல பாக்க?"

"நான் அங்க தட்டு கழுவுதேன்."

"தட்டு கழுவுனா என்ன? காது இருக்குல்லா?"

கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். பேருந்தில் போகும்போது அவர் கேட்டது காதிலேயே நின்றது. அந்த ஆராய்ச்சி நிலையத்தின் உணவுக்கூடத்தில் பல வருடமாக வேலை செய்கிறேன். சாப்பிட உட்கார்ந்தால் அங்கே எல்லோரும் பேசுவது அந்தக் காற்றைப் பற்றித்தான். எனக்குக் காது இருந்தது. வாய்தான் இல்லை.

2

வாய் இல்லாதது அந்தச் சமயத்தில் எனக்குப் பெரிய சிக்கலாகியிருந்தது. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

என் மனைவி செல்வி நர்ஸ். முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து அவள்தான் முதலில் வந்தாள். மகள் அபியைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் வந்தேன். பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். இந்த நாட்டு மொழியை மாலை வகுப்பில் படித்தேன். எழுதவும் வாசிக்கவும் தேறிவிட்டேன். பேச்சுத் தேர்வு மட்டும் இரண்டு முறை தவறியது.

இந்த இலையுதிர் காலத்தில் எங்கள் உணவுக்கூடத்தின் ஒப்பந்தம் வேறு ஒரு நிறுவனத்துக்குப் போனது. புதிய மேலாளர் எங்களை உட்கார வைத்துத் தன்மையாகத்தான் சொன்னார். பேச்சுத் தேர்வில் தேறியவர்கள் தொடரலாம். மற்றவர்களுக்கு வருட முடிவு வரைதான். அடுத்த தேர்வுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். அதிலும் விட்டால் வேலை போய்விடும். இந்த ஊரில் என் வயதுக்கும் என் படிப்புக்கும் இன்னொரு வேலை என்றால் மீன் ஆலைதான். அங்கே குளிரில் நாள் முழுக்க நிற்க என் முதுகு சம்மதிக்காது. அது மூடை சுமந்தே தேய்ந்த முதுகு.

பேச்சுத் தேர்வில் இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வைப்பார்கள். ஒரு தலைப்பைக் கொடுத்து இருவரும் பேசிக்கொள்ளுங்கள் என்பார்கள். தேர்வாளர் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் முறை என்னோடு உட்கார்ந்தவர் என்னைவிட மூத்தவர். அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அவர் முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாம் முறை ஓர் இளம்பெண். பெண்பிள்ளை பேசும்போது குறுக்கே விழக்கூடாது என்று இருந்தேன். மூத்தவரென்றால் மரியாதை, இளையவரென்றால் கூச்சம். இரண்டு முறையும் முடிவுத் தாளில் ஒரே குறிப்பு: உரையாடலில் பங்கெடுக்கவில்லை.

வீட்டில் அபிதான் பயிற்சி கொடுத்தாள். அவளுக்கு இந்த மொழி தாய்மொழி மாதிரி. தமிழ்தான் அவளுக்கு மாலை வகுப்பு. சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து பொதுப் போக்குவரத்தைப் பற்றிக் கடகடவென்று பேசுவாள். திடீரென்று நிறுத்தித் தமிழுக்கு வருவாள்.

"அப்பா, இப்ப நீ என்னைக் கட் பண்ணணும்."

"நீ இன்னும் முடிக்கலையே அபி."

"நான் முடிக்கவே மாட்டேன். அதான் டெஸ்ட்."

அடுப்படியிலிருந்து செல்வி சொல்வாள். "மார்க்கெட்ல அத்தன பேரு கத்துன எடத்துல எப்படித்தான் ஊமையா இருந்தியளோ."

அங்கே நான் ஊமையாகத்தான் இருந்தேன். கத்துவதற்கு ஆட்கள் இருந்தார்கள், நான் சுமந்தேன். ஆனாலும் ஒருவரை மறுக்க வேண்டி வந்தால் எனக்கும் வழி தெரியும். முன்னால் ஓர் அண்ணாச்சி, பின்னால் ஓர் அண்ணாச்சி போட்டுக்கொண்டால் நடுவில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். "அண்ணாச்சி, அது அப்படி இல்ல அண்ணாச்சி." கேட்பவருக்கும் வலிக்காது. இங்கே எல்லோருக்கும் பெயர்தான், ஒரே ஒரு 'நீ' தான். அண்ணாச்சி இல்லாத வெறும் 'இல்லை' என் வாயிலிருந்து வரவே வராது. அபியிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்து, "பாவம் அப்பா நீ" என்று சொல்லிவிட்டு நார்வேஜியனில் போக்குவரத்தைத் தொடர்ந்தாள்.

3

மாரிட் என்ற ஆராய்ச்சியாளர் எப்போதும் கூட்டம் போன பிறகுதான் சாப்பிட வருவார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். புதிய ஒப்பந்தத்தைப் பற்றி அவருக்கும் தெரிந்திருந்தது. "தினமும் என்னோடு பேசு, நான் மெதுவாகத்தான் சாப்பிடுவேன்" என்றார். எதைப் பற்றிப் பேச என்று கேட்டார். எனக்கு அண்ணாச்சியின் கேள்விதான் கையில் இருந்தது. அதையே கேட்டேன்.

அவர் தட்டை எடுத்துக்கொண்டு நான் வேலை செய்யும் தொட்டிக்கே வந்துவிட்டார். குழாயைத் திறந்தார். தண்ணீர் தொட்டியின் தட்டையான அடியில் விழுந்து, மெல்லிய வட்டமாக வேகமாகப் பரவியது. கொஞ்ச தூரம் போனதும் ஒரு வளையமாகத் திடீரென்று தடித்து எழும்பி, அதற்கப்பால் மெதுவாக நகர்ந்தது. பல வருடமாக இங்கே தட்டுக் கழுவுகிறவன் நான். இந்த வளையத்தைத் தினமும் பார்க்கிறேன், கவனித்ததில்லை.

"உள்ளே ஓட்டம். வெளியே நடை. இரண்டுக்கும் நடுவில் இந்த விளிம்பு" என்றார். "சூரியனிலிருந்து வரும் காற்று இப்படி ஓடி வருகிறது. பூமியைச் சுற்றி ஒரு காந்த உறை இருக்கிறது. அது பாறை மாதிரி வழியில் நிற்கிறது. காற்று அதற்கு முன்னால் இப்படி முட்டி எழும்புகிறது."

அந்த விளிம்புக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை தமிழில் அதிர்ச்சி என்று வரும். முட்டினால் விழுவது அடிதானே, நான் 'அடி' என்றே வைத்துக்கொண்டேன். அந்தக் காற்று நம் காற்று மாதிரி இல்லை. மின்சாரம் ஏறிய துகள்கள், அவ்வளவு தள்ளித் தள்ளிப் பறப்பதால் ஒன்றை ஒன்று தொடுவதுகூட அபூர்வம். தொடாமலே எப்படி அடிபடும் என்று கேட்டேன். அந்தக் காற்று தன்னோடு காந்தக் கோடுகளையும் இழுத்துக்கொண்டு வருகிறது, மின்சாரமும் காந்தமும்தான் அங்கே அடிப்பதும் தடுப்பதும் என்றார்.

அப்போது எனக்குப் பொங்குமாங்கடல் நினைவுக்கு வந்தது. குற்றாலத்தில் மெயின் அருவியில் குளித்தவர்களில் பாதிப்பேர் அதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். மலைமேலிருந்து வரும் தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. பாதியில் பாறைக்குள் ஓர் ஆழமான பள்ளம் இருக்கிறது. அதில் விழுந்து, பொங்கி, வேகம் செத்து, பிறகுதான் வழிந்து கீழே வருகிறது. சீசன் காலத்தில் மார்க்கெட் வேலை முடிந்ததும் நாங்கள் பஸ் ஏறிப் போய் அருவியில் முதுகைக் காட்டுவோம். நாள் முழுக்க மூடை அழுத்திய இடத்தில் தண்ணீர் அடிக்கும் சுகத்துக்கு நாங்கள் பொங்குமாங்கடலுக்குத்தான் கடன்பட்டவர்கள். அது இல்லையென்றால் அங்கே மனிதன் நிற்க முடியாது.

தெரிந்த வார்த்தைகளை அடுக்கி இதை மாரிட்டிடம் சொன்னேன். அவருக்குப் பிடித்திருந்தது. "அந்தப் பள்ளத்துக்குள் தண்ணீர் எப்படி இருக்கும்?" என்றார். கொதிக்கிற மாதிரி, சுழலுக்குள் சுழலாக இருக்கும் என்றேன். "நான் வேலை செய்வது அந்தக் கொதிப்புக்குள்தான். நான்கு செயற்கைக்கோள்கள் பக்கம் பக்கமாகப் பறந்து அதற்குள் போய் வந்திருக்கின்றன. அங்கே காந்தக் கோடுகள் முறுக்கிக்கொள்கின்றன. எதிரெதிராகப் போகும் கோடுகள் நெருக்குப்படும்போது அறுந்து, மாறி இணைகின்றன. இணையும்போது சக்தி தெறிக்கிறது."

அடி விளங்கியது. பள்ளத்துக்குள் கொதிக்கும் கலக்கம் விளங்கியது. இந்த மூன்றாவது விளங்கவில்லை. அறுந்த கயிறு அறுந்ததுதானே, அது எப்படி மாறி இணையும்? மாரிட் கைக்குட்டைத் தாளில் கோடு போட்டுக் காட்டினார். விளங்கியது போலத் தலையாட்டினேன். அந்தப் பழக்கமும் எனக்கு உண்டு.

4

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியை அழைத்தேன். இந்த முறை அவருடைய போனிலேயே எடுத்தார். பானையிலிருந்து விடுதலை கிடைத்துவிட்டது போலும். பொங்குமாங்கடல் வரைக்கும் சொன்னதை அவர் ஆவலாகத்தான் கேட்டார்.

"சரிலே, பொங்கிருச்சு. பெறவு?"

"அந்தக் கொதிப்புக்குள்ள கோடு கோடா போகும் அண்ணாச்சி. ஒண்ணு இந்தப் பக்கம் போகும், ஒண்ணு எதிர்த்தாப்ல வரும். ரெண்டையும் வெளியேருந்து நெருக்கும். நெருக்க நெருக்க நடுவுல எடமே இருக்காது. அப்ப ரெண்டும் அறுந்து, மாறி..."

"நம்ம சந்துல மாத்துவோமே, அது மாதிரியா?"

அவர் சொன்ன சந்து எனக்கு உடனே கண்ணில் வந்தது.

சொல்கிறேன். மார்க்கெட்டில் லாரி நிற்கும் இடத்துக்கும் கமிஷன் கடைகளுக்கும் நடுவில் ஒரு குறுகலான சந்து. மூடையோடு ஒரு வரிசை கடைக்குப் போகும். இறக்கிவிட்டு வெறுங்கையாக ஒரு வரிசை லாரிக்கு வரும். சாதாரண நாளில் உரசிக்கொண்டு போய்விடலாம். பொங்கலுக்கு முந்தின நாட்களில் இரண்டு பக்கமும் கூடைகளும் வாழைத்தார்களும் அடைத்துக்கொண்டு நெருக்கும். இரண்டு வரிசையும் அசையாமல் நின்றுவிடும். அப்போது அண்ணாச்சி, "மாத்துலே" என்று ஒரு சத்தம் கொடுப்பார். இடுக்கில் நிற்பவன் தன் மூடையை எதிரே நிற்பவன் தோளுக்கு மாற்றிவிட்டு, வந்த வழியே லாரிக்குத் திரும்புவான். மூடை வாங்கியவனும் வந்த வழியே கடைக்குத் திரும்புவான். சந்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போன இரண்டு வரிசைகள் இப்போது இல்லை. லாரிப் பக்கம் போய்த் திரும்பும் ஒரு வரிசை, கடைப் பக்கம் போய்த் திரும்பும் ஒரு வரிசை. இடுக்கு இளகிவிடும். நின்ற கூட்டம் இரண்டு பக்கமும் பாய்ந்து ஓடும்.

மாரிட் தாளில் போட்ட படம் அதேதான்.

"அதேதான் அண்ணாச்சி" என்றேன்.

"மாத்தும்போது ஒரு தள்ளு வரும்லா. அதுல விழுந்துதான ஒனக்குப் பல்லு போச்சு."

"அந்தத் தள்ளுதான் இங்கன வானத்துல வெளிச்சமா தெரியுது."

"அப்ப ஒன் பல்லு போனப்ப எங்களுக்கும் நட்சத்திரம் தெரிஞ்சிருக்கணுமேலே."

"எனக்குத் தெரிஞ்சுது."

அவர் சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

மறுநாள் மாரிட்டிடம் அந்தச் சந்தின் கதையைச் சொன்னேன். நானாகப் பேச்சைத் தொடங்கியது அதுதான் முதல் முறை. தோளில் இல்லாத மூடையை அவர் தோளுக்கு மாற்றிக் காட்ட வேண்டியிருந்தது. அவர் அதை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தே காட்டினார். பிறகு உட்கார்ந்து, "இதில் ஒன்று குறைகிறது" என்றார். "உன் சந்து ஒன்றுதான். அந்த அடி விழும் விளிம்புக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான சந்துகள். எல்லாம் அசைந்துகொண்டே இருக்கின்றன. உங்களுக்குச் சத்தம் கொடுக்க ஒருவர் இருந்தார். அங்கே யாரும் இல்லை. எப்போது மாற வேண்டும் என்று கோடுகளுக்கு எப்படித் தெரிகிறது? இதற்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை."

அடி கலக்கத்தை உண்டாக்குகிறது. கலக்கம் கோடுகளை நெருக்கி மாற வைக்கிறது. மாறும்போது தெறிப்பது மறுபடி கலக்கத்தைக் கூட்டுகிறது, சில சமயம் புதிய சின்ன அடிகளையும் போடுகிறது. இதில் எது எவ்வளவு சக்தியை எடுத்துக்கொள்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய வேலை. இதை எல்லாம் நான் அவருடைய மொழியில் கேட்டுக்கொண்டிருந்தேன், இரண்டு இடத்தில் குறுக்கே கேள்வியும் கேட்டேன் என்பது பாத்திரங்களை அடுக்கும்போதுதான் உறைத்தது.

5

தேர்வில் என்னோடு உட்கார்ந்தவர் ஹலினா. போலந்துக்காரர், என்னைவிட நன்றாக மூத்தவர், மீன் ஆலையில் வேலை. வெள்ளை முடியைப் பார்த்ததுமே நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை முதலில் உட்கார வைத்தேன். தலைப்பு: வடக்கில் வாழ்வதில் நல்லது எது, கெட்டது எது.

ஹலினா தொடங்கினார். மழை கொட்டுவது போன்ற பேச்சு. குளிர், இருட்டு, மீன் விலை, பேருந்து. நான் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். தேர்வாளரின் பேனா ஹலினாவின் தாளில் மட்டும் ஓடியது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே போனால் என் தாளில் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

அப்போது அவர் நல்லது என்று வானத்து வெளிச்சத்துக்கு வந்தார். வடதுருவத்துப் பனியில் சூரியனின் வெளிச்சம் பட்டுத் திரும்பி மேகத்தில் தெரிவதுதான் அது, தன் கணவர் அப்படித்தான் சொன்னார் என்றார்.

"அக்கா, அது அப்படி இல்ல அக்கா."

நான் தமிழில் பேசிவிட்டேன். தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார். இனி பின்வாங்க வழியில்லை. நார்வேஜியனுக்கு மாறினேன். பனியில் பட்டு வருவதில்லை, சூரியனிலிருந்து ஒரு காற்று வருகிறது என்று தொடங்கி, குழாய்த் தண்ணீரின் வளையத்தைச் சொன்னேன், எங்கள் ஊர் அருவியைச் சொன்னேன். இலக்கணம் எங்கெங்கோ இடறியது. நான் நிற்கவில்லை. அடி, கலக்கம் முடிந்து கோடுகள் மாறும் இடத்துக்கு வந்தபோதுதான் ஹலினாவின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் வாயை மூடிக்கொண்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்கு மிகவும் தெரிந்த முகம். இரண்டு முறை அந்த நாற்காலியில் அதே முகத்தோடு நான் உட்கார்ந்திருக்கிறேன். இது அவருக்கும் தேர்வு. நான் இன்னும் கொஞ்சம் பேசினால் அவர் தாளில் அந்தக் குறிப்பு விழும்.

சந்து வரைக்கும் போகாமல் நிறுத்திக்கொண்டேன். "நீங்கள் வேலை செய்யும் ஆலையில் மீனைச் சுமந்து வரும் ரப்பர் பட்டை எப்படி ஓடும்?" என்று கேட்டேன்.

சந்தேகமாகப் பார்த்தார். "இரண்டு பட்டை. ஒன்று போகும், ஒன்று வரும்."

"பக்கம் பக்கமாகவா?"

"ஆமாம், நெருக்கமாக."

"இரண்டையும் நடுவில் வெட்டி, போகிறதை வருகிறதோடு ஒட்டினால்?"

யோசித்தார். கைகளால் காற்றில் இரண்டு வளைவு போட்டுப் பார்த்தார். "இந்தப் பக்கம் ஒரு வளையம், அந்தப் பக்கம் ஒரு வளையம்." பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வெட்டுகிற நேரத்தில் மீன் எல்லாம் இரண்டு பக்கமும் பறக்கும்."

"அந்தப் பறக்கிற மீன்தான் வானத்தில் தெரிவது" என்றேன்.

அதற்குப் பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. பட்டை ஒரு நாள் உண்மையிலேயே அறுந்த கதையைச் சொன்னார். நான் நடுவில் புகுந்தேன், அவர் என்னை மறித்தார், நான் அவரை மறித்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று தேர்வாளர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

6

முடிவு சில வாரம் கழித்து வந்தது. தேறிவிட்டேன். புதிய நிறுவனத்தின் சட்டை போட்டுக்கொண்டு அதே தொட்டியில்தான் நிற்கிறேன். அபி முடிவைப் படித்துவிட்டு, "நீ அந்தப் பாட்டியைக் கட் பண்ணியா அப்பா?" என்று கேட்டாள். பாட்டி இல்லை, அக்கா என்றேன். அண்ணாச்சியிடம் சொன்னபோது, சந்தின் கதையைச் சொல்லாமல் விட்டதற்கு வருத்தப்பட்டார். மீன் பட்டையை அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் நான் எழுத நினைத்தது தேர்வு முடிந்து வெளியே வந்த நேரத்தைப் பற்றி. ஹலினாவும் நானும் ஒரே பேருந்துக்குக் காத்திருந்தோம். மரியாதைக்குறைவாக நடந்துகொண்டேனோ என்று எனக்கு உள்ளுக்குள் உறுத்தல். அவர்தான் பேசினார்.

"என்னை என்னவோ சொல்லிக் கூப்பிட்டாயே, அது என்ன?"

"அக்கா. மூத்த சகோதரி."

"எவ்வளவு மூத்த?"

"கொஞ்சம்தான்" என்றேன். நம்பாமல் பார்த்துவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்றார்.

பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு விட்ட இடத்திலிருந்து கேட்டார். அடி, கலக்கம், வெட்டு, இந்த மூன்றில் எது முதல்? எது எதை உண்டாக்குகிறது? சொல்லத் தொடங்கினேன். அவர் பாதியில் மறித்துத் தன் கணவர் அப்படிச் சொல்லவில்லை என்றார். நான் மறுபடி சொன்னேன். ஒன்றுக்குள் ஒன்று இருக்கிறது, ஒன்று மற்றதை மறுபடி கிளப்பிவிடுகிறது என்றேன். அவருக்கு அது போதவில்லை.

"கடைசியில் எது அதிகம் செய்கிறது? அதைச் சொல்."

"அது இன்னும் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறோம்."

"யார் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?"

"இங்கே, எங்கள் ஊரில்."

ஹலினா அதில் ஒன்றும் புதிதாகக் காணவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு தன் நிறுத்தத்தில் இறங்கிப் போனார். தென்காசியைத் தவிர வேறோர் இடத்தை நான் அதுவரை எங்கள் ஊர் என்று சொன்னதில்லை.